கால்மாட்டில் நின்றவள்

அவள் பெயரை எழுத மாட்டேன். தன்னைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலே அவள் எங்காவது போய் ஒளிந்துகொள்வாள். ஊரில் எல்லாரும் ‘காலு நர்ஸம்மா’ என்றார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல் நாளே அவள் முகவாயில் உதைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வெந்நீர் போட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, போய் வராந்தாவில் நின்றேன். வெள்ளைப்புடவை கட்டிய ஒருத்தி வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பெயர் கேட்கவில்லை. சடாரென்று குனிந்து என் பாதத்தின் மேல் கையை வைத்தாள். எங்கள் சேரியில் பிறந்தவளின் காலை எந்த வெள்ளைப்புடவைக்காரி தொட்டிருக்கிறாள்? பூரான் ஏறியதுபோல் காலை உதறினேன். குதிகால் அவள் முகவாயில் பட்டது.

“ஏய், இன்னா பண்றே நீ?” என்று கத்தினேன்.

அவள் முகவாயைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். “சூடாத்தான் இருக்குது. ஜுரம் கிரம் இல்ல. உள்ள வா,” என்றாள்.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது. வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற ரோட்டில், பாலாற்றுப் பக்கம் இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா, ஒரு கம்பவுண்டர், சில நர்சுகள், கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவைக் கயிற்றால் இழுக்க ஒரு கிழவர். ஆபரேஷன் நடக்கும்போது கம்பவுண்டர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூக்கின் மேல் வைத்த துணியில் மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். காலு நர்ஸம்மாவின் இடம் கால்மாட்டில். போர்வைக்குள் கையை விட்டு நோயாளியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாதம் சில்லிட்டால் என்னைக் கூப்பிடுவாள்.

என் வேலை புட்டி நிரப்புவது. வெள்ளைக்காரர்கள் எதையோ குடித்துவிட்டுப் போட்ட கனத்த பீங்கான் புட்டிகள். அவற்றில் வெந்நீர் ஊற்றி, தக்கை அடைத்து, கம்பளித் துணி சுற்றிக் கொடுக்க வேண்டும். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. அதனால் அந்த அறைக்குள் நெருப்பு வரக்கூடாது. என் அடுப்பு முற்றத்துக்கு அந்தப்புறம் ஒரு கொட்டகையில் இருந்தது. அங்கிருந்து ஓடி வந்து அறை வாசலில் நின்று புட்டியைக் கொடுப்பேன். துணி சுற்றாத புட்டியை அவள் தொடக்கூட மாட்டாள். சுற்றிக் கொடுத்ததையும் தன் முழங்கை உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் பக்கத்தில் வைப்பாள். “மயக்கத்துல இருக்கறவங்களுக்குச் சுட்டாலும் கத்தத் தெரியாது,” என்பாள்.

நம் பக்கத்து வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் ஒருத்தி, ஆட்கள் குளிர்ந்து செத்துப்போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தால் அவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வோம். நானும் சொன்னேன். அவள் காதில் விழும்படியே சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. “குளுரு வந்தா நீயும் நானும் நடுங்குவோம், போத்திக்குவோம், அடுப்பாண்ட போய்க் குந்திக்குவோம். மயக்கம் குடுத்துட்டா உடம்புக்கு நடுங்கத் தெரியாதும்மா. சூடு பாட்டுக்கு எறங்கிப் போய்க்கினே இருக்கும். அவங்களுக்குப் பதிலா நாமதான் நடுங்கணும்.”

அவள் நிஜமாகவே நடுங்கினாள். அதைத்தான் யாராலும் சகிக்க முடியவில்லை. அவள் கைவிரல்கள் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் தண்ணீர் ஆடும். இப்படிப்பட்ட கையோடு ஒருத்தி வந்து காலைப் பிடித்தால் ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்? ஒருவன் எழுந்து ஓடியே போய்விட்டான். வேஷ்டியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் அவன் பின்னாலேயே போர்வையைத் தூக்கிக்கொண்டு இவள் ஓடினாள். “அட நில்லுய்யா, பனி பேயுது, போத்திக்கினாவது ஓடு!” என்று கத்தினாள். ஆஸ்பத்திரியே வெளியே வந்து சிரித்தது.

ஈரம் என்றால் அவளுக்கு எமன். நம் ஜனங்களோ பெரிய காரியம் என்றால் முதலில் தண்ணீரைத்தான் தேடுவார்கள். இந்துக்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக்கூந்தலோடு வந்து படுப்பார்கள். முஸ்லிம்கள் ஒலு செய்வார்கள். கை, முகம், கால் எல்லாம் கழுவிக்கொண்டு, உயிர் போனாலும் சுத்தமாகப் போகட்டும் என்று வருவார்கள். மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீரில் கழுவிய காலோடு ஒரு கிழவி வந்தாள். ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவரின் தாயார். மேசைக்குப் போகுமுன் இவள் தரையில் உட்கார்ந்து, அந்தக் கிழவியின் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்தாள். கிழவி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்மா, நீ படிச்ச பொண்ணு, எங்காலைத் தொடாதே. குனா ஆவும், பாவம் சேரும்.”

“குனா எனக்கு வரட்டும் பெரியம்மா. குளுரு உங்களுக்கு வராம இருந்தாப் போதும்.”

“பைத்தியக்காரி!” என்று கிழவி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஈதருக்குள் போனாள், பத்திரமாகத் திரும்பி வந்தாள். வீட்டுக்குப் போகும்போது இவளுக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்தக் காலுறை எத்தனையோ நோயாளிகளின் காலில் ஏறி இறங்கியது.

பங்கா விஷயத்தில் தினமும் சண்டை. வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே காற்று அடித்தால் சூடு போய்விடும் என்று, அடிக்கடி பங்காவை நிறுத்தச் சொல்வாள். டாக்டரம்மாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டும். அதைத் துடைக்க ஒருத்தி நிற்பாள். டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “சிஸ்டர், நான்தான் இங்கே செத்துப்போகிறேன்,” என்பார். பங்காக் கிழவருக்கு மட்டும் இவளை ரொம்பப் பிடிக்கும். நிறுத்தச் சொன்னவுடன் கயிற்றைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவார்.

தெர்மாமீட்டர் இருந்தது. டாக்டரம்மா அதை வைக்கச் சொல்வார். “கண்ணாடிக் குச்சி மெதுவாச் சொல்லும். காலு சட்டுன்னு சொல்லும்,” என்று இவள் என்னிடம் முணுமுணுப்பாள். காலைத்தான் நம்பினாள்.

ஏன் இத்தனை பயம் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், மழைக்காலத்தில், வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்களாம். பிள்ளை அழுதது. எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். தாய் கண் திறக்கவே இல்லை. “ரத்தம் ஜாஸ்தி போயிடுச்சுன்னாங்க. போத்தறதுக்குக் காலைத் தொட்டேன். ஆத்து மணல் மாதிரி ஈரமா, ஜில்லுன்னு. எப்பவோ ஆறிப்போச்சு அந்தக் காலு. நான் அங்கதான் நின்னேன், தொடல.” அவ்வளவுதான் சொன்னாள். மேலே கேட்டதற்கு எழுந்து போய்விட்டாள்.

இனி என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிதித்து, புரட்டி, மயிர் கழன்று வரும்வரை அதிலேயே நிற்பார்கள். முழங்கால் வரை சுண்ணாம்பு. ஈரத்தோலின் கனம் உங்களுக்குத் தெரியாது. அதைத் தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. ஒருநாள் அது மாட்டிக்கொண்டது. தரையில் புரண்டு கத்தினார். டாக்டரம்மா காலைத் தூக்கிக் கட்டிப் படுக்க வைத்து, எப்படியோ உள்ளே தள்ளினார். “இன்னொரு முறை மாட்டினால் குடல் அழுகிவிடும். ஆள் பிழைக்க மாட்டான். கிழித்துத் தைக்க வேண்டும்,” என்றார்.

அப்போது நல்ல கத்திரி வெயில். ரோட்டுப் புழுதிக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அவரை மேசையில் படுக்க வைத்தார்கள். உள்ளே போகும்போதே, “காலு நர்ஸம்மா எங்காலைப் புடிச்சா மயக்கத்துலயும் சிரிப்பேன்டி. எனக்குக் கூச்சம்,” என்றார். பொய். அவர் பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது.

நான் கொட்டகையில் அடுப்போடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். புட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி அடுப்புக்கு வருவதற்குள் மறுபடியும் கூப்பிட்டாள். “காலு ஐஸா இருக்குது. இன்னொண்ணு.” கொடுத்தேன். “இன்னொரு போர்வை.” கொடுத்தேன். “பங்காவை நிறுத்து!” என்கிற சத்தம் உள்ளே கேட்டது. மறுபடியும் புட்டி. அவள் முகம் வெளுத்திருந்தது. கை ஆடியதில் புட்டி என் கைவளையலில் மோதிக் கிணுகிணுத்தது.

“ஏம்மா, அவருக்கு இன்னா ஆவுது?”

“சூடு ஏற மாட்டேங்குது. துணி இல்லாம குடு.”

“துணி இல்லாமயா?”

“சொன்னதச் செய்யி!”

எந்த நாளும் அவள் குரல் அப்படி உயர்ந்ததில்லை. செத்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். துணி இல்லாத புட்டியை அவள் சேலைத் தலைப்பால் பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் அடுத்ததை நிரப்பிக்கொண்டு ஓடிவந்தபோது கதவு திறந்திருந்தது.

அவர் தாடை துடித்துக்கொண்டிருந்தது. பிறகு கண் இமை. பிறகு தோள். பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. மேசை தரையில் தடதடவென்று அடித்தது. டாக்டரம்மா கத்தியைப் போட்டுவிட்டு, “ஈதரை நிறுத்து!” என்று அலறினார். கம்பவுண்டர் துணியைப் பிடுங்கி எறிந்தார்.

நர்ஸம்மா ஒரு நொடி அப்படியே நின்றாள். அப்புறம் அவர் காலை விட்டாள். முதல் தடவையாகத் தலைப்பக்கம் போய், அவர் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்தாள். சுட்டதுபோலக் கையை வெளியே எடுத்தாள்.

“அய்யோ, கொதிக்கிறாரு!”

போர்வைகளைப் பிடுங்கி எறிந்தாள். புட்டிகளைத் தரையில் உருட்டிவிட்டாள். “தாத்தா, இழு தாத்தா, இழு!” என்று கத்தினாள். கிழவர் திடுக்கிட்டு எழுந்து, பங்கா கழன்று விழும்படி இழுத்தார். ஜன்னல்களை அவளே உடைப்பதுபோலத் திறந்தாள். ஒரு சொட்டு ஈரம் கண்டாலே துடைக்கிறவள், மூலையில் இருந்த வாளித் தண்ணீரில் துப்பட்டியை முக்கி அவர் மார்பின் மேல் போட்டாள். மறுபடியும் முக்கினாள். மறுபடியும் போட்டாள். நான் கையில் கொதிக்கிற புட்டியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கை சுட்டது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வலிப்பு நின்றது. உயிர் இருந்தது. டாக்டரம்மா அதற்கு மேல் எதையும் செய்யவில்லை. கிழித்ததைத் தைத்து மூடினார். குடல் இறங்குகிற ஓட்டையை அடைக்கவில்லை. எதற்காகப் படுத்தாரோ அது நடக்கவில்லை.

சாயங்காலம் அவர் கண் விழித்து, “முடிஞ்சுதா?” என்றார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த நாள் டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் இரண்டும் வெந்து, தடித்த தோல் மேலே எழும்பியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, “அட, இது எப்ப?” என்றார்.

நான் அவளைத் தேடிப் போனேன். துணி மடிக்கிற அறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

“நீயெல்லாம் மனுஷியா? கத்திரி வெயில்ல ஒரு ஆளை மூட்டை கட்டி அவிச்சிருக்கியே!”

“காலு ஜில்லுன்னு இருந்துச்சும்மா.”

“அவரு காலு எப்பவும் அப்டித்தான் இருக்கும்!”

அவள் நிமிர்ந்தாள். “எப்பவுமா?”

“எப்பவும்.”

“மத்தியான வெயில்லயும்?”

“உச்சி வெயில்லயும். நீ இன்னா, கேள்வி கேட்டுக்கினு நிக்கறே? எங்கண்ணு முன்னாடி நிக்காதே, போ!”

போய்விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்ததும் எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றாள். நான் துடைப்பத்தைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, “யார்டி அது? காலு நர்ஸம்மாவா? வாம்மா, வா. எங்காலுக்கு உன்னைப் பாக்காம தூக்கம் வரல,” என்றார். மனுஷனுக்கு வெட்கம் மானம் கிடையாது. அவள் வெயிலில் தரையில் உட்கார்ந்து, வெந்த இடத்துக்கு மருந்து போட்டாள். பிறகு அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கை பாதத்தில், ஒரு கை முழங்கால் மடிப்பில். அப்புறம் அக்குளில். அப்புறம் பிடரியில். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் சேரியே கூடி வேடிக்கை பார்த்தது.

“இன்னாடி, உன் வூட்டுக்காரனுக்குப் பூஜையா நடக்குது?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

“ஆமா, நீயும் உன் ஆளைக் கூட்டிக்கினு வா, அபிஷேகம் பண்ணுவா,” என்றேன் எரிச்சலில்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷாப்புக்கே போய்விட்டாள். நான் அவருக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, கட்டுப் போட்ட காலோடு அவர் போய் உட்கார்ந்த வேலையாக மயிர் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழி ஆட்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவள் ஒவ்வொருவன் காலையும் தொட்டுக்கொண்டே போனாள். ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். ஒருவன், “இன்னாம்மா, வேண்டுதலா?” என்றான். ஷாப்பு மேஸ்திரி ஒரு பாய். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா, என் ஆளுங்க காலுல இன்னா தேடுறே? தங்கமா?”

“சூடு தேடறேன் பாய்.”

“சுண்ணாம்புக் குழியில நின்னவன் காலுல சூடா? அந்தக் காலு போயி எத்தினியோ வருஷம் ஆச்சும்மா. போ, போ, பேஜார் பண்ணாதே.”

அவள் கடைசி ஆள் வரைக்கும் தொட்டுவிட்டுத்தான் எழுந்தாள். என் பக்கம் வந்து நின்றாள். வாய் கோணியது. “இத்தினி காலு,” என்றாள். “ஒண்ணும் பேசல.”

எனக்கு அவள் மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்குக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இடம் மாறியது. அந்தக் கால்களில் நான் பிறந்ததிலிருந்து விழித்திருக்கிறேன். என் அப்பன் கால், என் அண்ணன் கால், கட்டியவன் கால். உணர்ச்சி செத்துப்போன கால்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன? முதலாளி பார்த்தானா, மேஸ்திரி பார்த்தானா? தோலில் ஒரு கீறல் இருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். அதை மிதித்த காலைக் குனிந்து பார்த்தவள் இந்தப் பைத்தியக்காரி ஒருத்திதான். அவளும் அவரை வேகவைத்த பிறகுதான் பார்த்தாள்.

உள்ளங்கால் ஆற வேண்டும், வெயில் தணிய வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டாவது ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். அதுவரை இறுக்கமான கச்சை கட்டிக்கொள்ளச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. அந்த மாதங்களை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் தும்மினால் என் உயிர் போய்த் திரும்பும். எங்கள் பிள்ளை அவர் மடியில் குதித்தால் அடிப்பேன். புரண்டு படுத்தால் கச்சையைத் தொட்டுப் பார்ப்பேன். “நீயும் காலு நர்ஸம்மா மாதிரி ஆயிட்டேடி,” என்று சிரித்தார். சிரிக்காதே, சிரித்தால் இறங்கிவிடும் என்று அதற்கும் திட்டினேன்.

ஐப்பசியில் நாள் குறித்தார்கள். இன்னொரு நர்சைப் போடட்டுமா என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். போடுங்கள் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “வேணாம் டாக்டரம்மா. எங்காலு பேசாதுன்னு அந்தம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.”

“அப்ப நானும் உள்ள நிப்பேன். அடுப்பை வேற யாராவது பாத்துக்கட்டும்,” என்றேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, குளித்துச் சுத்தமான துணி கட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. ஊதல் காற்று ஜன்னல் இடுக்கில் வந்தது. நான் கம்பளி சுற்றிய இரண்டு புட்டிகளை அணைத்துக்கொண்டு சுவரோரம் வெறும் தரையில் நின்றேன். ஈதர் வாடை மூக்கைக் குடைந்தது. நர்ஸம்மா கால்மாட்டில் இல்லை. கம்பவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையை அவர் பிடரிக்குக் கீழேயும் ஒரு கையை அக்குளிலும் வைத்திருந்தாள். மற்ற அக்குளில் தெர்மாமீட்டர். அவர் கால் போர்வைக்கு வெளியே யாரும் தொடாமல் கிடந்தது.

டாக்டரம்மா வேலையை ஆரம்பித்தார். நேரம் போனது. மழைச் சத்தம் கூடியது. நர்ஸம்மா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். மறுபடியும் எடுத்தாள், வைத்தாள். அவர் உதட்டின் நிறம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம்தான் மங்கலா, உதடுதான் மங்கலா?

கம்பவுண்டர் மெதுவாக, “புட்டி வேணாமா சிஸ்டர்?” என்றார்.

அவள் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் அவளுக்கு மட்டும் வியர்த்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. போன தடவை குளிருக்குப் பயந்து அவரை வேகவைத்தாள். இந்தத் தடவை வேகவைத்துவிடுவோமோ என்று பயந்து, கண் முன்னால் ஆறிப்போக விட்டுவிடுவாள். என் புருஷன் இரண்டு பயத்துக்கும் நடுவில் கிடக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டரம்மா இருக்கிறார் என்பதும் மறந்துபோனது.

“ஏம்மா! பயந்துக்கினு குந்திக்கினு இருக்கியா? நீ பயப்படறதுக்கா இவரு படுத்திருக்காரு? கையில இன்னா தெரியுது? அதச் சொல்லு!”

டாக்டரம்மா தலையைத் தூக்கவில்லை. கம்பவுண்டர் சொட்டு விடுவதைக் கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நர்ஸம்மா கண்ணை மூடினாள். பிடரியிலிருந்த கையை இன்னும் உள்ளே கொடுத்தாள்.

“குளுந்துக்கினு வர்றாரு,” என்றாள்.

“அப்ப?”

“புட்டி ஒண்ணு. துணியோட. அக்குள்ல. காலுக்கு வேணாம்.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். முழங்கையில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு சுற்றுத் துணி சுற்றச் சொன்னாள். அப்புறம் அவர் அக்குளில் வைத்தாள். கிழவியின் காலுறையை எடுத்து, காலில் போடாமல், மார்பின் மேல் விரித்துப் போர்வையை மூடினாள். தெர்மாமீட்டர், கை, தெர்மாமீட்டர், கை. இன்னொரு புட்டி கேட்பாளா, கேட்கமாட்டாளா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. டாக்டரம்மா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, “முடிந்தது,” என்றார்.

எங்கே முடிந்தது? ஈதரை எடுத்த பிறகும் அவர் கிடந்தது கிடந்தபடியே கிடந்தார். கம்பவுண்டர் கூப்பிட்டார். பதிலில்லை. பெயர் சொல்லி நான் கூப்பிட்டேன், “யோவ்!” என்று கூப்பிட்டேன். பதிலில்லை. கண் திறக்காத அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை நினைத்துக்கொண்டேன். நர்ஸம்மாவும் அவளைத்தான் நினைத்திருப்பாள்.

அப்போது அவர் தாடை துடித்தது.

பிறகு தோள். பிறகு பல்லோடு பல் கடகடவென்று அடித்தது. மேசை ஆடியது.

“அய்யோ, மறுபடியும் இழுக்குதே!” என்று நான் அலறினேன்.

“இழுக்கல,” என்றாள் நர்ஸம்மா. “நடுங்கறாரு. நல்லாப் பாரு, நடுங்கறாரு.” பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். “நடுங்கட்டும்மா. இனிமே அவரு உடம்ப அவரே பாத்துக்குவாரு.”

“கு... குளுருதுடி,” என்றார் அவர், கண் திறக்காமலே.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவர் பிடரியைத் தாங்கியிருந்த அவள் கையைப் பார்த்தேன். அவர் அவ்வளவு ஆட்டம் ஆடியும் அந்தக் கை அசையவில்லை. விரல்கள் சும்மா இருந்தன. அவள் கையை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த வாரமே டம்ளரில் தண்ணீர் மறுபடியும் ஆடியது.

அவருக்கு நன்றாகப் போர்த்திவிட்டு, அவள் என் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தாள். என் பாதத்தின் மேல் கையை வைத்தாள்.

“ஐஸா இருக்குது உன் காலு. எவ்ளோ நேரமாம்மா இப்டி நிக்கறே?” என்றாள். நான் இன்னும் அணைத்துக்கொண்டிருந்த இரண்டாவது புட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என் பாதங்களுக்கு நடுவில் வைத்தாள்.

“எனக்கு இன்னா கேடு? எழுந்து போம்மா, போயி அவரைப் பாரு. பைத்தியக்காரி,” என்று திட்டினேன். இன்னும் என்னென்னவோ திட்டினேன்.

காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.